ஜப்பானிய மொழியில் மணி சொல்வது: என்5 எழுதப் போகிறவர்களுக்கு

என்5, அதாவது ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் (JLPT) தொடக்க நிலை, படிக்கிறவர்களில் பலர் மணி சொல்லும் பாடத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எண்கள் தெரியும், பின்னால் 'ஜி' சேர்த்தால் மணி, 'ஃபுன்' சேர்த்தால் நிமிடம், வேறென்ன இருக்கிறது என்று தோன்றும். காகிதத்தில் பார்க்கும்வரை அது சரிதான். காதில் விழும்போதுதான் இந்தப் பாடம் கஷ்டமாகிறது. நான் என்5-க்குத் தயாரானபோது இதற்கு மற்ற பாடங்களைவிடக் கூடுதல் நேரம் கொடுத்தேன். அதன் பலன் கேட்டல் பகுதியில் நன்றாகவே தெரிந்தது.

முதலில் ஒன்று: ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள். நமக்குக் கிடைக்கும் பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் விளக்கம் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழில் யோசித்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, அங்கிருந்து ஜப்பானியத்துக்குப் போகிறோம். தேவையே இல்லை. 'காலை ஏழரை மணிக்கு எழுந்திருக்கிறேன்' என்பதைப் பாருங்கள்: 'கோசென் ஷிச்சிஜி ஹன் நி ஒகிமஸ்'. கோசென் முற்பகல், ஷிச்சிஜி ஏழு மணி, ஹன் அரை, நி நம்முடைய 'க்கு', கடைசியில் வினை. 'நான்' என்று தனியாகச் சொல்லக்கூட வேண்டாம். 'ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணி வரை' என்பதும் அப்படியே 'குஜி கரா கோஜி மதே'. தமிழ் வாக்கியத்தை அதே வரிசையில் நிரப்பிக்கொண்டே போகலாம்.

இரண்டு இடங்களில் மட்டும் தமிழ் நம்மை வேறு பக்கம் இழுக்கும். நாம் 'நாளைக்கு வருகிறேன்' என்போம். அந்தப் பழக்கத்தில் 'அஷிதா நி' என்று வாயில் வந்துவிடும். அஷிதா (நாளை), கியோ (இன்று), மைனிச்சி (தினமும்) போன்ற சொற்களுக்கு 'நி' கிடையாது. கடிகார மணிக்கு அது வரும். இரண்டாவது, கால், முக்கால். மணி சொல்லும்போது அரைக்கு ஹன் உண்டு, காலுக்கும் முக்காலுக்கும் அப்படித் தனிச் சொல் இல்லை. ஏழே கால் என்றால் 'ஷிச்சிஜி ஜூகோஃபுன்', ஏழே முக்கால் என்றால் 'ஷிச்சிஜி யோன்ஜூகோஃபுன்'. எட்டாக ஐந்து நிமிடம் இருந்தால் 'ஹச்சிஜி கோஃபுன் மாயே'.

இனி மணிகள். 4, 7, 9 மூன்றையும் தனியாக உட்கார்ந்து பழக வேண்டும்: யோஜி, ஷிச்சிஜி, குஜி. யோன்ஜி என்றோ கியூஜி என்றோ சொல்வதில்லை. ஏழுக்கு நனஜி என்றும் சிலசமயம் காதில் விழும், இச்சிஜியோடு குழம்பாமல் இருக்க அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் நீங்கள் சொல்லும்போது ஷிச்சிஜியே இருக்கட்டும்.

நிமிடங்களில்தான் வேடிக்கை. 2, 5, 7, 9 நான்குக்கும் ஃபுன்: நிஃபுன், கோஃபுன், நனஃபுன், கியூஃபுன். மற்றவை எல்லாம் ப்புன்: இப்புன், சம்ப்புன், யோம்ப்புன், ரொப்புன், ஹப்புன், ஜுப்புன். எட்டுக்கு ஹச்சிஃபுன், பத்துக்கு ஜிப்புன் என்ற வடிவங்களும் உண்டு, இரண்டும் சரியே. பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, ஃபுன் வரும் அந்த நான்கு எண்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது எளிது. நான் அப்படித்தான் செய்தேன்.

இங்கே கவனித்தீர்களா, மணியில் ஷிச்சியாக இருந்த ஏழு நிமிடத்தில் நனவாகிறது, கு கியூவாகிறது, யோ யோனாகிறது. அதனால் பயிற்சிக்கு நல்ல நேரங்கள் 4:44, 7:07, 9:09. 'யோஜி யோன்ஜூயோம்ப்புன்', 'ஷிச்சிஜி நனஃபுன்', 'குஜி கியூஃபுன்'. இவை தடுமாறாமல் வாயில் வந்துவிட்டால் மற்றவை தானாக வரும்.

இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருப்பதை வாசிப்பு வசதிக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இச்சி, ஹச்சி என்று எழுதியிருந்தாலும் அந்த 'ச்ச'வில் அழுத்தம் கிடையாது. இப்புன், ரொப்புன் இரண்டிலும் 'ப்ப'வின் அழுத்தம் உண்மையானது. கோஜியில் வரும் 'கோ' கோபாலில் வரும் 'கோ', கோவிலில் வருவது இல்லை. தமிழ் எழுத்து இந்த வேறுபாடுகளைக் காட்டாது. ஹிரகானா என்ற ஜப்பானிய எழுத்தைக் கற்றுக்கொண்டு குறிப்புகளை அதிலேயே எழுதுங்கள்.

காதுக்குத் தொந்தரவு கொடுப்பவை 1, 7, 8. இச்சிஜி, ஷிச்சிஜி, ஹச்சிஜி, மூன்றுக்கும் வால் ஒன்றுதான். அதிலும் வேகமாகப் பேசும்போது ஷிச்சியின் முதல் 'இ' தேய்ந்து கிட்டத்தட்ட 'ஷ்ச்சிஜி' என்றுதான் கேட்கும். அப்புறம் ரொக்குஜியும் குஜியும். முதல் அசை தவறினால் ஆறு ஒன்பதாகிவிடும். எனக்கு இதில் உதவியது ஜப்பானில் 117 என்ற எண்ணை அழைத்தால் மணி சொல்லும் தொலைபேசிச் சேவை. பத்து வினாடிக்கு ஒருமுறை மணி, நிமிடம், வினாடி மூன்றையும் சொல்லும். அதன் ஒலிப்பதிவுகள் யூடியூபில் கிடைக்கின்றன. கேட்டு, நிறுத்தி, எண்ணாக எழுதிப் பாருங்கள். தயவுசெய்து எழுத்தாக எழுதாதீர்கள், தேர்வில் அதற்கு நேரம் இருக்காது.

ஜி, ஜிகன் வேறுபாடு தமிழருக்குச் சுலபம். மணி, மணி நேரம், அவ்வளவுதான். நிஜி இரண்டு மணி, நிஜிகன் இரண்டு மணி நேரம். இந்தியாவைவிட ஜப்பான் முன்னால் இருப்பது சன்ஜிகன் ஹன், மூன்றரை மணி நேரம். கால அளவுக்குப் பின்னால் 'நி' வராது: 'நிஜிகன் பென்கியோ ஷிமாஷ்தா', இரண்டு மணி நேரம் படித்தேன்.

தேர்வைப் பற்றிக் கொஞ்சம். என்5-இல் மொத்தம் 180-க்கு 80 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் கேட்டலில் 60-க்கு 19 இல்லாவிட்டால், மொத்தம் எவ்வளவு இருந்தாலும் தேர்ச்சி கிடையாது. ஒலி ஒரே ஒருமுறைதான். முதல் இரண்டு பகுதிகளில் உரையாடலுக்கு முன்பே கேள்வியைச் சொல்லிவிடுவார்கள், அங்கே 'நன்ஜி' (எத்தனை மணி) என்று வந்தால் உடனே பென்சிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கேள்வித்தாளிலேயே குறித்துக்கொள்ளலாம்.

முதலில் காதில் விழும் மணி பெரும்பாலும் விடையாக இருக்காது. ஒருவர் 'ஜூஜி வா தோ தெஸ் கா' என்று பத்து மணியைச் சொல்வார். மற்றவர் 'ஜூஜி வா ச்சொத்தோ...' என்று இழுப்பார். அந்த இழுப்பு மறுப்பு, பத்தை அடித்துவிடுங்கள். 'ஜா' (அப்படியானால்) என்று தொடங்கும் அடுத்த வாக்கியத்தில் புது மணி வரும். அதற்குப் பிறகும் ஒருமுறை மாறலாம், 'சோ ஷிமஷோ' என்று இருவரும் ஒத்துக்கொள்ளும்வரை காத்திருங்கள். இன்னொரு வகையில் விடையைச் சொல்லவே மாட்டார்கள். படம் பதினொரு மணிக்கு, 'சன்ஜுப்புன் மாயே நி' (முப்பது நிமிடம் முன்னால்) சந்திப்போம் என்பார்கள். பத்தரை என்பது உரையாடலில் எங்கும் வராது. 11 என்று எழுதி, மாயே காதில் விழுந்ததும் பக்கத்தில் ஒரு கழித்தல் குறி போட்டு 30 எழுதிவிடுங்கள், கணக்கை உரையாடல் முடிந்தபின் போட்டுக்கொள்ளலாம்.