சும்மா ஒரு விசாரணை

என் வீட்டுக்காரர் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். பாம்பனில் எங்களுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. சோறு போடுவது கடை, செய்தி அவருடைய கிறுக்கு. மண்டபத்துக்கு மேற்கே ஒரு கரையில் பீடி இலை மூட்டைகள் கிடப்பதாக ஒரு மீனவர் போன் செய்ய, விடியுமுன்னே கேமராவோடு போனார். மூட்டைகளை வண்டியில் ஏற்றுவதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவரை, "சும்மா ஒரு விசாரணை, வந்துட்டுப் போயிருங்க" என்று ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். எந்த ஸ்டேஷன் என்று எழுதப்போவதில்லை. இந்தக் கரையில் செய்தி சேகரிக்கிறவர்களின் வீட்டில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன் செய்த மீனவரேதான் எங்களுக்கும் தகவல் சொன்னார். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால், "அப்படி யாரும் இங்க இல்லையேம்மா" என்றார்கள். கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு நேரில் போனேன். வாசலில் பூவரச மரத்தடியில் அவருடைய பைக் நின்றது. முன்பக்கம் பாதி கிழிந்த 'பிரஸ்' ஸ்டிக்கர், ஹேண்டிலில் நான் காலையில் கொடுத்தனுப்பிய தண்ணீர் பாட்டில். உள்ளே போவதற்கு முன்னால், பைக்கும் ஸ்டேஷன் போர்டும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து ராமநாதபுரத்தில் இருக்கும் வக்கீல் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அன்றைக்குச் செய்த வேலைகளிலேயே உருப்படியானது அதுதான் என்று அக்கா பிறகு சொன்னார்.

ஏன் என்றால், கைது செய்தால் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அரசியல் சாசனத்தின் 22ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்கியது? 'சும்மா விசாரணை'க்கு நேரமே கிடையாது. விடிகாலையில் கூட்டிப்போனவரை ராத்திரி கைது செய்ததாக எழுதினால், நடுவில் போன பகல் யார் கணக்கிலும் வராது. அதனால் வெளியே இருப்பவர்களின் முதல் வேலை கெஞ்சுவதோ சண்டை போடுவதோ இல்லை, நேரத்தைப் பதிவு செய்வது. அந்தக் காலத்து வக்கீல்கள் இதற்குத் தந்தி கொடுப்பார்களாம். தந்தியில் நேரம் இருக்கும், மாற்ற முடியாது. 2013 ஜூலையில் தந்தியை மூடிவிட்டார்கள். இப்போது இமெயில்தான்.

கொழுந்தனை ஸ்டேஷன் வாசலிலேயே நிற்க வைத்துவிட்டுக் கடைக்கு வந்து டைப் செய்தேன். எஸ்.பி., கலெக்டர், மாநில மனித உரிமை ஆணையம் மூன்று பேருக்கும் ஒரே கடிதம். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் பார்க்கக் கூட்டிப்போனார்கள், பைக் எண் என்ன, பைக் இப்போது எங்கே நிற்கிறது. "அநியாயமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அக்கா போனிலேயே அதை வெட்டச் சொன்னார். அதற்குப் பதில், "கைது செய்திருந்தால் காரணத்தை எழுத்தில் தரவும், இல்லையென்றால் உடனே அனுப்பிவைக்கவும்" என்று போட்டோம். காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது அக்காவின் சொந்தச் சரக்கு இல்லை. பிரபீர் புர்காயஸ்தா என்ற பத்திரிகையாளரின் வழக்கில் 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இதற்கு நடுவில் பத்திரிகை அலுவலகத்துக்கும் பேசினேன். டெஸ்க்கில் இருந்தவர், "அவர் எங்க ஸ்டாஃப் இல்லையேம்மா, பார்ட் டைம்தானே" என்றார். வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஸ்டேஷனிலும் அதே பாட்டுதான்: "அரசு அங்கீகார அட்டை இருக்கா? இல்லாட்டி எப்படி நிருபர்னு நம்புறது?" கிராமத்துப் பகுதிநேர நிருபர்களில் எத்தனை பேருக்கு அந்த அட்டை கிடைக்கிறது?

அக்கா வந்ததும் இந்தப் பேச்சையே விட்டுவிடச் சொன்னார். 22ஆம் பிரிவு நிருபருக்கு என்று தனியாக எழுதப்பட்டதில்லை, பிடிபடுகிற எல்லோருக்கும் பொது. போர் நடக்கிற இடத்திலும் இப்படித்தானாம். ஜெனீவா ஒப்பந்தங்களுக்கு 1977இல் சேர்த்த முதல் நெறிமுறையின் 79ஆம் பிரிவு, நிருபரைப் பொதுமக்களில் ஒருவராக நடத்த வேண்டும் என்றுதான் சொல்கிறது. அட்டை வெறும் அடையாளத்துக்கு. சட்டம் அப்படி இருந்தும் பிடிக்கத்தானே செய்கிறார்கள்? கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில், போர் நடந்துகொண்டிருந்த 2008 மார்ச்சில் திசைநாயகம் என்ற பத்திரிகையாளரைப் பிடித்து, குற்றப்பத்திரிகை இல்லாமலே மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. எழுதியதற்காக அடுத்த ஆண்டு 20 வருடத் தண்டனை. உலகம் முழுக்கச் சத்தம் போட்ட பிறகு 2010இல்தான் ஜாமீனும் மன்னிப்பும் வந்தன. அதோடு ஒப்பிட்டால் எங்கள் கதை ஒன்றுமே இல்லை. ஆனாலும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவரிடம் போய் அப்படிச் சொல்ல முடியாது.

அக்கா எஸ்.ஐ.யிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "கைதா, விசாரணையா?" அவர், "ரெண்டும் இல்ல மேடம், சும்மா உக்காரச் சொல்லிருக்கோம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் ஒரு தாளை நீட்டினார். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் நிலையம் வந்து, செல்போனையும் கேமராவையும் ஒப்படைத்தேன்' என்று எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். போலீஸ் விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருந்தது, அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்திலும் (பி.என்.எஸ்.எஸ்.) 181ஆம் பிரிவாக இருக்கிறது. அக்கா அதைச் சொன்னதும் தாள் மடிந்து மேசைக்குள் போனது.

இருட்டிய பிறகு, அதே புதிய சட்டத்தின் 35(3) பிரிவில் நோட்டீஸ் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். கூப்பிடும்போது வந்து ஆஜராக வேண்டும், வந்துகொண்டிருக்கும்வரை பொதுவாகக் கைது கிடையாது என்பது அதன் சாரம். நோட்டீஸைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடலாம். அதில் தேதியோடு நேரத்தையும் நம் கையாலேயே எழுதிவிட வேண்டும்.

ஆள் வந்தாச்சு, போனும் கேமராவும் வரவில்லை. உண்மையில் எங்களை அலைக்கழித்தது இதுதான். கைப்பற்றிய பொருளுக்கு மகஜர், அதாவது என்னென்ன எடுத்தார்கள் என்ற பதிவு, போட்டு, மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். மகஜர் நகலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் ஒரு இலக்கம் மாறியிருந்தது, அதைத் திருத்த ஒரு அலைச்சல். வாங்கிய பில்லை இணைத்து, பொருளைத் திருப்பித் தரக் கோரி நீதிமன்றத்தில் மனு போட்டோம். விற்க மாட்டேன், கேட்கும்போது கொண்டுவருவேன் என்று பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகுதான் உத்தரவு கிடைத்தது.

பாஸ்வேர்டைக் கேட்டார்கள், இவர் சொல்லவில்லை. ஆனால் போன் அவர்களிடம் இருந்த நாட்களில் இவருக்குத் தூக்கமில்லை. தன்னை நினைத்து இல்லை, தகவல் கொடுத்த மீனவரை நினைத்து. கடைசியாக வந்த அழைப்பு அவருடையதுதானே. அந்த மனுஷன் இப்போதும் கடைக்கு வருவார், ஆதார் நகல் எடுப்பார், "மதினி, அண்ணன் நல்லாருக்காரா?" என்று கேட்பார். போன் மட்டும் செய்வதில்லை.

கேமரா வந்துவிட்டது, போன் வந்துவிட்டது. மெமரி கார்டு மட்டும் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறதாம். அதற்குத் தனி மனு போட வேண்டும். அடுத்த வாய்தாவுக்கு பில்லின் ஒரிஜினலையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் அக்கா.