மேகங்கள் மோதினால் சூடாகுமே, நட்சத்திரம் எப்படிப் பிறக்கும்? ஒரு முனைவர் பட்ட நேர்காணல் அனுபவம்

எம்.எஸ்ஸி இயற்பியல் முடித்து முதல் நேர்காணலுக்குப் போனபோது, பிடித்த பாடம் நட்சத்திர உருவாக்கம் என்று சொன்னேன். வாயு மேகங்கள் மோதும், அழுத்தம் கூடும், நட்சத்திரம் பிறக்கும் என்று கடகடவென ஒப்பித்தேன். "மோதினால் சூடாகுமே தம்பி? சூடான வாயு விரியத்தானே பார்க்கும்?" என்று கேட்டார் ஒருவர். வாயடைத்துப் போனேன். அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை.

விடை, நான் மனப்பாடமாக வைத்திருந்த ஜீன்ஸ் நிறைச் சூத்திரத்திலேயே இருந்தது. ஒரு மேகம் தன் ஈர்ப்பாலேயே சுருங்கத் தேவையான குறைந்தபட்ச நிறைதான் ஜீன்ஸ் நிறை. வெப்பநிலை ஏறினால் அந்த நிறை ஏறும், அடர்த்தி ஏறினால் இறங்கும். சூடு உள்ளேயே தங்கினால், மோதலில் எழும் அதிர்ச்சி அலையால் (ஒலியை விட வேகமாக வரும் வாயு திடீரென அமுங்கும் இடம்) அடர்த்தியை ஏறக்குறைய 4 மடங்குதான் கூட்ட முடியும். அது போதாது. ஆனால் மூலக்கூறு மேகத்தில் கார்பன் மோனாக்சைடும் தூசியும் அந்தச் சூட்டைக் கதிர்வீச்சாக வெளியேற்றிவிடுகின்றன. வாயு மறுபடி 10 கெல்வின் அளவுக்குக் குளிர்கிறது. அப்புறம் அடர்த்தி, மாக் எண்ணின் (வாயுவின் வேகம் ஒலி வேகத்தைப் போல எத்தனை மடங்கு என்பதன்) வர்க்கத்துக்கு ஏறும். இதை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்: 10 கெல்வினில் ஒலி வேகம் நொடிக்குச் சுமார் 0.2 கி.மீ. வாயு நொடிக்கு 10 கி.மீ. வேகத்தில் அதிர்ச்சி அலைக்குள் வந்தால் மாக் 50, அடர்த்தி 2500 மடங்கு! காந்தப்புலம் இதைக் குறைக்கும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தக் காந்தப்புலமும் கொந்தளிப்பும்தான், வாயு சிறு துண்டுகளாக உடையாமல் பெரிய நட்சத்திரங்களுக்கான கட்டியாகத் திரள உதவுகின்றன என்று 2013-ல் இனோவே, ஃபுக்குய் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கணினி உருவகத்தில் காட்டினார்கள்.

சரி, மோதியது எப்படித் தெரியும்? இதற்கு, நட்சத்திரங்கள் பிறக்கும் வாயுப் பகுதியான ட்ரைஃபிட் நெபுலாவை எடுத்துக்காட்டாகத் தயார் செய்துகொண்டேன். சிலியின் அட்டகாமாவில் உள்ள நான்டென்2 தொலைநோக்கி அங்கே இரண்டு மேகங்களைக் கண்டது. ஒவ்வொன்றும் சுமார் ஆயிரம் சூரிய நிறை, வேக வித்தியாசம் நொடிக்கு ஏறக்குறைய 7.5 கி.மீ. அந்த வேகத்தில் போகும் இரண்டையும் கட்டிப்போட அவற்றின் ஈர்ப்பு போதாது. எனவே எங்கிருந்தோ வந்து மோதியிருக்க வேண்டும் என்பது 2011-ல் வந்த ஆய்வின் வாதம். இரண்டு வேகங்கள் ஒரே திசையில் தெரிவது மட்டும் சான்றாகாது. ஒன்று முன்னால், ஒன்று வெகு பின்னால் இருக்கலாம். இடம்-வேக வரைபடத்தில் (வானில் எந்த இடத்தில் வாயு என்ன வேகத்தில் இருக்கிறது என்று காட்டும் படம்) இரண்டையும் இணைக்கும் பாலம், அதாவது இடைப்பட்ட வேகத்தில் வாயு, இருக்கிறதா, ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்று பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தப் படத்தைக் கையால் வரையப் பழகுங்கள். இரண்டாவது நேர்காணலில் நான் கரும்பலகையில் வரைந்தது இதைத்தான். அதன்பின் கேள்விகள் எல்லாம் அந்தப் படத்தைச் சுற்றியே வந்தன.