ஊசியில் நூல் கோர்க்கும் வெளிச்சம்

படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 12. கேமரா வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. அதுவரை மலை, மரம், சூரியன் மறைவது என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். இந்த நான்கு நாள் பயணத்தில் மனித முகங்களை மட்டும்தான் எடுப்பது என்று முடிவு செய்துகொண்டு கிளம்பினேன். பையில் இருந்தவை ஒரு கேமரா, அதோடு வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ், பிறகு தனியாக வாங்கிய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் குறைந்தால் லென்ஸின் திறப்பு பெரிது). முகம் எடுக்கக் கற்றுக்கொள்ள இதுவே தாராளம் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

படகோட்டிக்கு அறுபது வயது இருக்கும். வெயிலில் காய்ந்து இறுகிய முகம், நரைத்த புருவம். "ஒரு போட்டோ எடுத்துக்கலாமா அண்ணே?" என்றேன். "எடுத்துக்கோ தம்பி" என்று துடுப்பை நிறுத்தாமலேயே சொன்னார். படகில் பின்னால் நகர இடமில்லை. லென்ஸை அகலமாகக் காட்டும் 18-ல் வைத்துக்கொண்டு, கை நீட்டினால் தொடும் தூரத்திலிருந்து இருபது முப்பது படம் எடுத்திருப்பேன்.

இரவு அறையில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. உச்சி வெயில் நேர் மேலிருந்து விழுந்ததில் கண்குழி இரண்டும் கறுப்பாக இருந்தன. மூக்கு புடைத்து, காதுகள் பின்னால் ஒட்டிக்கொண்டு, நான் பார்த்த அந்த அழகான மனிதர் படத்தில் இல்லை.

மூக்கு பெரிதானதற்கு லென்ஸ்தான் காரணம் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். உண்மையில் காரணம் தூரம். மூக்கு நுனியிலிருந்து காதுக்கு ஏறக்குறைய 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 40 செ.மீ. தள்ளி நின்று எடுத்தால், மூக்கைவிடக் காது 30 சதவீதம் அதிகத் தூரத்தில் இருக்கிறது. அதனால் ஏறக்குறைய 23 சதவீதம் சிறுத்துத் தெரிகிறது. இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் 6 சதவீதம்தான், கண்ணுக்கே தெரியாது. 50, 85 மி.மீ. லென்ஸ்களை முகத்துக்கு நல்லவை என்று சொல்வதும் இதனால்தான். முகம் படச்சட்டத்தை நிறைக்கவேண்டும் என்றால் அவை நம்மைத் தானாகவே பின்னால் போகவைக்கின்றன.

மறுநாள் 50 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு கரையோரம் நடந்தேன். பின்னணி கரைந்துபோகும் அந்த அழகுக்காக எல்லாவற்றையும் எஃப் 1.8-லேயே எடுத்தேன். இங்கே வேறொரு பிரச்சினை. என் கேமராவில் ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் கூர்மையாக வரும் ஆழம் மொத்தமே 3 செ.மீ. அளவுதான். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் முகத்தைக் கொஞ்சம் திருப்பியிருந்தார். ஒரு கண்ணின் இமைமுடி ஒவ்வொன்றாக எண்ணலாம், மறு கண் மங்கல். இன்னும் சில படங்களில் மூக்கு நுனிதான் கூர்மை. அதன்பிறகு எஃப் 2.8-க்கும் 4-க்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். ஃபோகஸ் புள்ளியைக் கேமராவின் விருப்பத்துக்கு விடாமல் ஒற்றைப் புள்ளியாக மாற்றி, எனக்கு அருகில் இருக்கும் கண்ணின் மேல் வைத்தேன். அன்று மாலைக்குள்ளேயே வித்தியாசம் தெரிந்தது.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடி ஒரு வீட்டின் தாழ்வாரத்தில் ஏறி நின்றேன். உள்ளே, வாசல்படிக்கு இரண்டடி தள்ளி, ஒரு பாட்டி மடியில் சட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நனையாம உள்ள வா கண்ணு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, படம் எடுக்கலாமா என்று கேட்டேன். சரி என்றவர் உடனே சட்டையைக் கீழே வைத்து, முந்தானையைச் சரிசெய்து, முதுகை நிமிர்த்தி, கையைத் தொடைமேல் வைத்து என்னையே உற்றுப் பார்த்தார். அடையாள அட்டைக்கு எடுக்கும் படம்போல இருந்தது. இரண்டு படம் எடுத்துவிட்டு கேமராவை மடியில் வைத்தேன். மழை நிற்கும்வரை போகமுடியாது, அதனால் பேசிக்கொண்டிருந்தோம். அரை மணி நேரத்துக்கு மேல் கேமராவைத் தொடவே இல்லை.

நான் இருப்பதையே மறந்து அவர் மறுபடி பொத்தான் தைக்க உட்கார்ந்தார். நூல் உள்ளே போகவில்லை. "இத கொஞ்சம் கோத்துக் குடு" என்று நீட்டினார். கோத்துக் கொடுத்தேன். சரியாகப் போயிருக்கிறதா என்று பார்க்க ஊசியை உயர்த்தி, முகத்தை வாசல் பக்கம் திருப்பினார்.

அந்த நொடியில் நான் பார்த்ததை இப்போதும் மறக்கமுடியவில்லை. மேகம் மூடிய வானத்தின் வெளிச்சம் கதவளவுக்கு விரிந்து பக்கவாட்டில் வந்து விழுந்தது. ஒரு கன்னம் முழுக்க வெளிச்சம், மறு கன்னம் மெல்ல நிழலுக்குள் போகிறது, அந்த நிழலுக்குள்ளும் கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன வெளிச்ச முக்கோணம். ஸ்டுடியோக்காரர்கள் விளக்கை நகர்த்தி நகர்த்தி உருவாக்குகிற இதற்கு, 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இரண்டு கண்ணிலும் கதவின் வடிவம் ஒரு பொட்டு வெள்ளையாகத் தெரிந்தது. பின்சுவருக்கு வெளிச்சம் எட்டவில்லை, அதனால் பின்னணி தானாக இருண்டது.

ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 800, ஷட்டர் நொடியின் 125-இல் ஒரு பங்கு, எஃப் 2.8. முதல் படத்தில் முகம் வெளுத்துப்போனது. சட்டத்தில் இருட்டு அதிகம் இருந்ததால் கேமரா எல்லாவற்றையும் தூக்கிக் காட்டப் பார்த்திருக்கிறது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒரு படி (பாதியாக) குறைத்ததும் சுருக்கங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

திரையில் காட்டினேன். பாட்டி வெகுநேரம் பார்த்தார். "ஊசி எங்க?" என்றார். பெரிதாக்கிப் பார்த்தேன். கண் கூர்மை, ஊசி மங்கல். அவருக்கு அந்த ஊசி முக்கியம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எஃப் 8-க்குப் போனேன். வெளிச்சம் மூன்று படி குறைந்ததால் ஐஎஸ்ஓ 800 இருந்த இடத்தில் 6400 வைக்கவேண்டி வந்தது. படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளி விழுந்தது. பரவாயில்லை, ஊசியும் இருந்தது, அதைப் பார்க்கும் கண்ணும் இருந்தது. அந்தப் பயணத்தில் எடுத்தவற்றில் எனக்குப் பிடித்த படம் அதுதான்.

அன்று ராத்திரி யோசித்தபோது ஒன்று புரிந்தது. பாட்டி அந்த இடத்தில் உட்கார்ந்தது எனக்காக இல்லை. நூல் தெரியவேண்டும் என்பதற்காக அந்த வீட்டிலேயே நல்ல வெளிச்சம் விழும் இடத்தை எத்தனையோ வருஷமாகத் தேர்ந்து வைத்திருக்கிறார். நுணுக்கமான வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். தையல்காரர், கடிகாரம் பழுது பார்ப்பவர், சவரக்கடைக்காரர் எல்லோரும் வெளிச்சத்தை முதலிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். நான் செய்யவேண்டியது அந்த இடத்தில் அவர்கள் வேலையைக் கெடுக்காமல் காத்திருப்பது மட்டும்தான்.

1840-களில் ஸ்காட்லாந்தில் டேவிட் ஆக்டேவியஸ் ஹில், ராபர்ட் ஆடம்சன் என்ற இருவர் எடின்பரோவுக்குப் பக்கத்தில் நியூஹேவன் என்ற மீனவர் ஊருக்குப் போய் அங்கிருந்தவர்களைப் படம் எடுத்தார்கள். ஒரு படத்துக்கு வெகுநேரம் அசையாமல் இருக்கவேண்டிய காலம் அது, வெளிச்சத்துக்காக எல்லாவற்றையும் திறந்தவெளியிலேயே எடுத்தார்கள். அந்தப் படங்களில் பெண்கள் கூடையோடும் ஆண்கள் படகில் சாய்ந்தும் நிற்பார்கள். இந்தப் பயணத்துக்குப் பிறகு அவற்றை மறுபடி பார்த்தபோது, முதலில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்றுதான் என் கண் தேடியது.

நான்காம் நாள் காலை ஏழு மணிக்கே படகுத்துறைக்குப் போனேன். அதே படகோட்டி. இந்த முறை படகில் ஏறவில்லை. கரையில் நின்றுகொண்டேன், வெயில் பக்கவாட்டில் சாய்வாக வந்தது. அவர் கயிற்று முடிச்சை அவிழ்க்கக் குனிந்து, சிக்கு எங்கே என்று பார்க்க அதை வெளிச்சத்துக்குத் தூக்கும்வரை காத்திருந்தேன். நான்கே படம்.

திரும்பும் ரயிலில் எனக்கு எதிரே ஒரு பெரியவர் செய்தித்தாளோடு உட்கார்ந்தார். எழுத்து தெரியவில்லை போல. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஜன்னலோரம் போய், தாளை வெளியே திருப்பிப் பிடித்தார். நான் பையிலிருந்து கேமராவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "எந்த ஊருக்குங்க ஐயா போறீங்க?" என்று கேட்டேன்.