விசிறி நின்றுபோன படங்கள்

லாஸ்பேட்டை விமான நிலையம் பக்கம் ஏடிஆர், அதாவது விசிறி வைத்த பயணிகள் விமானம், இறங்குகிற சத்தம் கேட்டால் போதும், சோற்றில் கை வைத்திருந்தாலும் மொட்டை மாடிக்கு ஓடிவிடுவேன். புதுச்சேரி ஓடுபாதை சின்னது, ஒன்றரை கிலோமீட்டர்தான், அதனால் பெரிய ஜெட் எல்லாம் இங்கே வராது; எனக்கு அதில் வருத்தமும் இல்லை, ஜெட்டைப் படம் எடுப்பது சுலபம்.

புரொப்பெல்லர், அந்தச் சுழலும் விசிறிதான் ஆளைப் படுத்தும். முதல் வருடம் முழுக்க ஷட்டரை 1/2000 நொடி வேகத்தில் வைத்து எடுத்துத் தள்ளினேன். படம் கூர்மைதான், ஆனால் ஆறு இதழும் உறைந்துபோய், பொம்மையை நூலில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். 1/125-க்கு இறக்கி, விமானத்தோடு சேர்ந்து இடுப்பைத் திருப்பினால் விசிறி வட்டமாகக் கரையும். ஐம்பதில் நாற்பத்தெட்டு குப்பை. சரி, மீதி இரண்டு இருக்கிறதே.

போன வருடம் வெளியூரில் செஸ்னா 172 என்கிற குட்டி விமானத்தில் அரை மணி நேரம் பறந்தேன். நாலு சீட்டு, பைலட்டின் தோள் என் தோளில் இடிக்கும். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே எல்லாம் பளிச்சென்று தெரியும். "ஜன்னலைத் திறந்துக்கோங்க சார்" என்றார். கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். கொக்கியை விட்டதும் காற்றே அதைத் தூக்கி இறக்கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது! கேமரா வாரைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டேன், லென்ஸை மட்டும் வெளியே நீட்டவில்லை, நீட்டினால் காற்று பிடுங்கிவிடும்.

கீழே ஏரி, பனைமரம், எங்கள் நிழல். மொத்தம் பதினேழு படம்தான் எடுத்திருக்கிறேன், அதிலும் பாதியில் இறக்கையைத் தாங்கும் கம்பி குறுக்கே நிற்கிறது. மீதி நேரமெல்லாம் வாயைத் திறந்து வேடிக்கை. அடுத்த தடவை சுண்ணாம்பாறு கடலில் கலக்கிற இடத்துக்கு மேலே பறக்க வேண்டும், காசு சேரட்டும்.