நாலரைக் கட்டையில் ஊமையான ஆர்கன்

சாந்தோம் பக்கம் ஒரு வீட்டில் சும்மா கிடந்த பழைய எலக்ட்ரானிக் ஆர்கன், இப்போது என் ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு வரிசை கீ, காலுக்குப் பெடல், மரக் கேபினட். கொடுத்த ஆன்ட்டி, "பாடும் தம்பி, ஆனா நடுநடுவுல முழுங்கும்" என்றார்.

பல வருஷம் ஓடாத செட்டை நேராக 230 வோல்ட்டில் சொருகக் கூடாது. சீரிஸ் போர்டில், அதாவது கரண்ட் பாதையில் நடுவே ஒரு பல்பு வரும் பலகையில், 100 வாட் குண்டு பல்பு வழியாகக் கரண்ட் கொடுத்தேன். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கியது, ஷார்ட் இல்லை. ஸ்பீக்கரில் மட்டும் 'ம்ம்ம்' என்று விடாத ஹம். போனில் ஸ்பெக்ட்ரம் ஆப்பைத் திறந்து வைத்தால் 100 ஹெர்ட்ஸ் காட்டியது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஏசியை டிசி ஆக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரைத் தாண்டும்போது 100 ஆகிவிடும். அப்படியென்றால் அந்த ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் ஃபில்டர் கண்டென்சர் காய்ந்துவிட்டது. 50 காட்டியிருந்தால் டயோடையோ எர்த்தையோ சந்தேகப்பட்டிருப்பேன். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அதே மதிப்பில், 105 டிகிரி வெப்பம் தாங்கும் ரகமாக வாங்கிப் போட்டதும் ஹம் அடங்கியது. இந்த ஊர் வெயிலுக்கு 85 டிகிரி ரகத்தை நான் தொடுவதே இல்லை.

சத்தமும் குறைவாகவே வந்தது; அதற்குக் காரணம் அற்பம். வால்யூம் பெடலுக்குள் ஒரு குட்டி பல்பும், வெளிச்சத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் எல்டிஆரும் எதிரெதிரே இருக்கின்றன. பெடலை அழுத்தினால் நடுவிலுள்ள மறைப்பு விலகி வெளிச்சம் கூடும், சத்தமும் கூடும். பல்பு ஃபியூஸ். மாற்றினேன், முடிந்தது.

இனிதான் விஷயம். கர்நாடக சங்கீதக்காரர்கள் நாலரைக் கட்டை என்பார்களே, அந்த எஃப் ஷார்ப். மேல் வரிசையில் அது ஐந்து இடத்தில் வருகிறது. வலது ஓரத்து எஃப் ஷார்ப் மட்டும் பாடியது; மற்ற நான்கும் ஊமை. கையில் ஸ்க்ரூ டிரைவரை எடுக்குமுன் இந்த வரிசையைத்தான் யோசிக்க வேண்டும். ஒரே ஒரு கீ ஊமை என்றால் காண்டாக்ட் அழுக்கு. ஐந்துமே ஊமை என்றால், பெரும்பாலும், எல்லா ஸ்வரங்களையும் பிறப்பிக்கும் தாய் ஐசியில் அந்த ஸ்வரமே பிறக்கவில்லை. மேலே பாடி, கீழே முழுக்க ஊமை என்றால் நடுவில் டிவைடர் (ஸ்வரத்தைப் பாதியாக்கிக் கீழே இறக்கும் ஐசி) போய்விட்டது.

இந்த ஆர்கனில் சுமார் 2 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கிலிருந்து அந்தத் தாய் ஐசி ஒன்றே பன்னிரண்டு ஸ்வரங்களையும் உச்ச ஸ்தாயியில் பிரித்துக் கொடுக்கிறது. பிறகு ஸ்வரத்துக்கு ஒரு 4024 ஐசி, அதைப் பாதி பாதியாக்கிக் கீழ் ஸ்தாயிகளுக்கு இறக்குகிறது. ஒரு படி உடைந்தால் அதற்குக் கீழே எதுவும் வராது.

சிக்னலைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் என்னிடம் இல்லை. சின்ன ஆம்ப்ளிஃபையர் முனையில் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சரைச் சேர்த்து, காதாலேயே தேடினேன். எஃப் ஷார்ப்புக்கான 4024-இன் பின் (கால்) 1-ல், ஸ்வரம் உள்ளே வரும் இடத்தில், காதைத் துளைக்கும் கீச்சு, ஏறக்குறைய 5,920 ஹெர்ட்ஸ். பின் 12-ல் ஒரு ஸ்தாயி இறங்கியது. பின் 11-ல் இன்னொன்று. பின் 9-ல் கப்சிப். பின் 14-ல் சப்ளை சரி, ரீசெட் காலும் (பின் 2) கிரவுண்டில்தான் இருக்கிறது. ஐசிதான் குற்றவாளி.

கடைக்காரர் "இன்னும் இதைக் கேக்கறீங்களே சார்" என்று சிரித்துக்கொண்டே டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நல்ல வேளை, போனது 4024. அந்தத் தாய் ஐசி போயிருந்தால் புதிதாகக் கிடைக்காது. மைக்ரோகன்ட்ரோலரை வைத்துப் போலியாக ஒன்று செய்ய வேண்டியிருக்கும். பழைய ஐசியின் கால்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, ஐசி சொருகும் பேஸ் வைத்து, புதியதைச் சொருகினேன். நாலும் பாடின.

மற்ற கீகள் கரகரத்ததற்குக் காண்டாக்ட் அழுக்குதான் காரணம். வெள்ளிப் பூச்சுக் கம்பி கறுத்திருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டைக் காண்டாக்ட் நடுவே இழுத்தாலே போதும். உப்புத்தாள் போட்டால் பூச்சு போய்விடும். துரு நீக்கும் ஸ்பிரே அடித்தால் எண்ணெய் தங்கித் தூசி சேரும்.

மேல் வரிசை முடிந்தது. கீழ் வரிசையில் பாதி காண்டாக்ட் பாக்கி. கால் பெடலில் ஒன்று அழுத்தினால் எழும்பி வருவதில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.