மாருதி எஸ்டீம் கார் ஹீட்டர் நாட்குறிப்பு: தலைகுந்தா, ஊட்டி, ஜனவரி 2024

ஜனவரி 4, வியாழன்

அம்மாவின் கண் பரிசோதனைக்காகக் காலை ஐந்து மணிக்குக் கோவைக்குக் கிளம்பினோம். புல்வெளி முழுக்க உறைபனி. காரின் முன் கண்ணாடியிலும் உப்பைத் தூவினாற்போல் ஒரு படலம். ஹீட்டரை முழுசாகத் திருப்பியும் ஊதின கை அளவுக்குத்தான் வெதுவெதுப்பு. உள்பக்கம் ஆவி படியப் படிய அம்மா துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார். வயது 76, விரல் மூட்டுகளில் வாதம். குன்னூர் தாண்டி இறங்கும்போது அந்த வெதுவெதுப்பும் போனது. டெம்பரேச்சர் முள் அடிக்கோட்டிலேயே படுத்திருந்தது. திரும்பும்போது, கல்லாறிலிருந்து ஏறும் வழியில் மட்டும் கொஞ்சம் சூடு வந்தது.

ஏற்றத்தில் இருக்கிற சூடு இறக்கத்தில் இல்லை. அடுத்த பரிசோதனை 21-ஆம் தேதி. அதற்குள் சரிசெய்தாக வேண்டும்.

ஜனவரி 5, வெள்ளி

வண்டி ராத்திரி முழுக்க நின்று ஆறியிருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். (சூடாக இருக்கும்போது யாரும் இதைத் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்.) உள்ளே இன்ஜின் சூட்டைத் தணிக்கும் பச்சை கூலன்ட் திரவம் இல்லை, டீ நிறத்தில் துருத் தண்ணீர்.

அப்புறம் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஃபேனில் படாமல் ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வைத்துக் காத்திருந்தேன். தெர்மோஸ்டாட் (சூடேறினால் மட்டும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) சரியாக இருந்தால் அந்த ஹோஸ் பல நிமிடம் சில்லென்று இருந்து, வால்வு திறந்ததும் சட்டென்று சுட வேண்டும். இதுவோ முதல் இரண்டு நிமிடத்திலேயே மெல்ல மெல்லச் சூடேற ஆரம்பித்தது. ஒன்று வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லை வால்வே இல்லாமல் இருக்க வேண்டும்.

ஜனவரி 7, ஞாயிறு

வால்வே இல்லை. தெர்மோஸ்டாட் மூடியின் இரண்டு போல்ட்டைக் கழற்றியதும் வெறும் ஓட்டைதான் தெரிந்தது.

இரண்டு வருடம் முன்பு சித்திரை வெயிலில் கீழே சமவெளியில் வண்டி சூடேறி நின்றபோது, ஒரு ஒர்க்‌ஷாப்பில், "நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் தேவையே இல்ல சார்" என்று எதையோ கழற்றிப் போட்டார்கள். அது இதுதான். எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. வால்வு மூடியிருக்கும்போது தண்ணீர் இன்ஜினுக்குள்ளும் ஹீட்டர் வழியிலும் மட்டும்தான் சுற்றும், அதனால் சீக்கிரம் சூடேறும். வால்வைப் பிடுங்கிவிட்டால் முதல் நொடியிலிருந்தே எல்லாத் தண்ணீரும் ரேடியேட்டருக்குப் போய் ஆறிவிடும். ஊட்டிக் குளிரில், அதுவும் ஆக்சிலரேட்டரை மிதிக்காத இறக்கத்தில், இன்ஜின் எப்படிச் சூடாகும்? இன்ஜின் ஆறியே கிடந்தால் பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். மைலேஜ் ஏன் குறைந்தது என்று இரண்டு வருடமாகக் குழம்பியதற்கும் பதில் கிடைத்தது.

ஜனவரி 9, செவ்வாய்

82 டிகிரி தெர்மோஸ்டாட் வாங்கிவந்தேன். மாட்டுவதற்கு முன் சோதிக்கலாம் என்று, நூலில் கட்டி அடுப்பில் ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டேன். மகள் கேக் செய்ய வைத்திருக்கும் தெர்மாமீட்டர் பக்கத்தில். 80 வரை அசையவில்லை. 82, 83-இல் பித்தளைத் தட்டு நூலிழை அளவு விலகியது. உள்ளே இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து வால்வைத் தள்ளுகிறது. முழுக்கத் திறப்பது 95-இல் என்பதால் அதைப் பார்க்க முடியவில்லை. இந்த உயரத்தில் தண்ணீர் 92, 93-லேயே கொதித்துவிடுகிறது, அதற்கு மேல் ஏறாது.

ரேடியேட்டர் மூடி இங்கே ஏன் அவ்வளவு முக்கியம் என்பது அப்போதுதான் உறைத்தது. 0.9 பார் மூடி அழுத்தத்தைப் பிடித்தால் அதே தண்ணீர் 115 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். என் மூடியின் ரப்பர் கட்டையாகிப் போயிருந்தது. அதையும் மாற்றினேன்.

ஜனவரி 10, புதன்

முள் நடுவில் வந்து நிற்கிறது! ஆனால் ஹீட்டர் இன்னும் அரைகுறைதான். ஹீட்டருக்குப் போகும் ஹோஸ் கையைச் சுடுகிறது, திரும்பி வருவது வெதுவெதுப்பு. நடுவில் ஹீட்டர் கோர் (சுடுதண்ணீர் ஓடிக் காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர்) அடைத்திருக்கிறது. போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டியதன் பலன்.

ஜனவரி 13, சனி

மெக்கானிக் அண்ணன் வந்தார். இரண்டு ஹோஸையும் கழற்றி, திரும்பி வரும் பக்கத்திலிருந்து தோட்டத்துக் குழாய்த் தண்ணீரை மெல்ல விட்டோம். "பிரஷர் குடுக்காதீங்க சார், பழைய கோர், பிளந்துக்கும்" என்றார். முதலில் செங்காவி, அப்புறம் காபி, கூடவே சருகு சருகாகத் துரு. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தெளிந்தது.

கூலன்ட்டும் பேட்டரி தண்ணீரும் (டிஸ்டில்டு வாட்டர்) பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினோம். வண்டியை எடுத்ததும் டேஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று ஓடை ஓடும் சத்தம், ஹீட்டரில் ஜில் காற்று. ஏர்லாக், அதாவது குழாய்க்குள் காற்று சிக்கிக்கொண்டது. மூக்கு மேலே பார்க்கும்படி மேட்டில் நிறுத்தி, ஆறிய பிறகு மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் விட்டு ஓடவிட்டோம். குமிழி வந்துகொண்டே இருந்தது. நின்றபோது இன்னும் முக்கால் லிட்டர் உள்ளே போனது.

கீழே சிந்தியதைச் சாக்குப் போட்டு ஒற்றி எடுத்தோம். கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். எங்கள் தெருவில் நாலு நாய்கள் இருக்கின்றன.

ஜனவரி 17, புதன்

ரிசர்வ் டேங்கில் விரற்கடை குறைந்திருக்கிறது. இன்ஜினின் ஹெட் கேஸ்கெட் (தண்ணீர் கசியாமல் அடைக்கும் தகடு) போய்விட்டதோ என்று வயிறு கலங்கியது. ஆயில் மூடிக்குள் மோர் போல எதுவும் இல்லை. சூடான பிறகு சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. ஓடும்போது டேங்கில் குமிழி இல்லை. காலடிக் கார்பெட்டும் காய்ந்திருக்கிறது, அதனால் கோர் ஒழுகவில்லை. டார்ச் அடித்துத் தேடியதில், ஹீட்டர் ஹோஸ் கிளிப் ஓரத்தில் பச்சையாகக் காய்ந்த பொருக்கு. ஹோஸை மடக்கினால் ரப்பரில் வெடிப்பு. இரண்டு ஹோஸையும் மாற்றியாயிற்று.

ஜனவரி 21, ஞாயிறு

காலை ஐந்து மணி, அதே உறைபனி. லவ்டேல் பிரிவு வருவதற்குள் கண்ணாடி தெளிந்துவிட்டது. கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க முள் நடுவிலேயே நின்றது. துண்டுக்கு வேலை இல்லாமல் போனது. பர்லியார் பக்கம் அம்மா கையுறையைக் கழற்றி, காற்று வரும் துவாரத்தின் முன்னால் விரல்களை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் கம்மி பண்ணுடா, வேர்க்குது" என்றார்.