யானைக்குப் பெயர் என்ன?

“யானைக்குப் பெயர் என்ன, சித்தி?”

கல்லூரிக் கட்டுரைக்காக ஒரு பழைய செய்தியின் நகலை வாசித்துக்கொண்டிருந்தேன். 2021 நவம்பரில் கோவை நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்த செய்தி. ஆறு வயது அக்காள் மகள் என் தோளில் தொங்கியபடி எட்டிப் பார்த்தாள்.

ரயிலுக்குப் பெயர் இருந்தது. புறப்பட்ட ஊரும் சேரும் ஊரும் இருந்தன. யானைகளுக்கு எண்ணிக்கை மட்டும்தான்.

“போடவில்லை” என்றேன்.

அவள் நம்பவில்லை. அவளுடைய கதைப் புத்தகங்களில் எறும்புக்குக்கூடப் பெயர் உண்டு.

யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்று இதழியல் வகுப்பில் மனப்பாடம் செய்திருக்கிறேன். முதல் கேள்வியை யானைக்கும் கேட்கலாம் என்று தோன்றியதே இல்லை. (காட்டு யானையின் பெயரை நிருபர் யாரிடம் விசாரிப்பார் என்பது வேறு விஷயம்.)

2024-இல் மதுக்கரைத் தண்டவாளத்தோரம் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் வைத்ததையும், யானை நெருங்கினால் எச்சரிக்கை போகும் என்பதையும் சொன்னேன்.

“கேமராவுக்கு அதன் பெயர் தெரியுமா?”

நான் யோசிப்பதற்குள் கிரேயானை எடுத்து, நகலின் ஓரத்தில் மூன்று பெயர்களை எழுதிவிட்டாள்.

மூன்றாவது என் பெயர்.